வலப்பக்கம் முப்பது டிகிரி

7

கண்ணுக்கே தெரியாத ஒரு பொருள் காணாமல் போய்விட்டது என்று புகார் வந்தால் முதலில் எதைச் சோதிக்க வேண்டும்? புகார் கொடுத்தவரின் மண்டையை என்பது பாலிசியின் கட்சி. காலை பத்தரை மணிக்கு ஆராய்ச்சிக் கூடத்தின் நீளமான தாழ்வாரத்தில் நடந்துகொண்டே அதை அண்ணியின் காதில் போட்டான். அண்ணி சிரிக்கவில்லை. வேலைக்கு வந்த இடத்தில் வாசலிலேயே சிரித்துவிட்டால், உள்ளே போய் முகத்தை நேராக்க நேரமாகும் என்பது அவள் எண்ணம்.

அண்ணி இருபத்தாறு வருடம் மூக்குக் கண்ணாடிக் கடை நடத்தியவள். லென்ஸ் தேய்த்துத் தேய்த்து ஊரில் பாதிப் பேரைப் படிக்க வைத்தவள். கடையை மகளிடம் விட்டுவிட்டு இப்போது துப்பறிகிறாள். பாலிசி அவள் கணவரின் தம்பி, நாற்பது தாண்டியவன். இன்சூரன்ஸ் விற்ற காலத்தில் ஒட்டிய பெயர் அது. வேலை போன பிறகும் பெயரும் வாயும் போகவில்லை.

இயக்குநரின் அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று பார்க்க வருகிறவர்களுக்கு, இன்னொன்று அவர்களிடமிருந்து தப்பிக்க. சுவரை அடைத்து ஒரு படம் மாட்டியிருந்தது. அதில் இயக்குநர் வெள்ளைக் கோட்டுப் போட்டு, உள்ளங்கையில் ஒரு முக்கோணக் கட்டியை ஏந்தி, தூரத்து எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டி பளபளவென்று, தண்ணீரை வெட்டி எடுத்து வைத்ததுபோல் இருந்தது. கீழே கொட்டை எழுத்தில், 'நாளைய மனிதன் மறைந்து போவான்.'

"எங்க போவான்னு போடலையே," என்றான் பாலிசி.

நிஜ இயக்குநர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தங்க விளிம்புக் கோப்பையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. மடியில் ஒரு தோல் பை. அதை இடது கையால் அணைத்துக்கொண்டே பேசினார்.

"மெட்டாமெட்டீரியல். உலகத்துல எந்தப் பொருளும் செய்யாததை இது செய்யும். ஒளியை எதிர்ப்பக்கமா வளைக்கும். என்னோட ஆறு வருஷ உழைப்பு. நேத்து சாயங்காலம் அஞ்சே காலுக்குப் போய்ப் பார்க்கிறேன், காணோம். உடனே கதவுக்கு சீல் வெச்சுட்டேன். எடுத்தது அந்தப் பொண்ணுதான்."

"எந்தப் பொண்ணு?" என்று கேட்டாள் அண்ணி.

"ஆராய்ச்சி மாணவி. ஆறு வருஷமா அந்த ரூம்லதான் கிடக்கிறா. பேரு..." இயக்குநர் விட்டத்தைப் பார்த்தார். விட்டம் உதவவில்லை. "எல்லாரும் ஆறாம் வருஷம்னு கூப்பிடுவாங்க."

உழைப்பு இவருடையது, கிடந்தது அவள் என்று பாலிசி மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

"நாலு மணிக்கு வெளியூர்லேருந்து தேர்வாளர் வர்றாங்க. அதுக்குள்ள உங்க அறிக்கை வேணும். ஒருத்தியை வெளியே அனுப்பணும்னா விசாரணை நடந்துச்சுன்னு ஒரு தாள் இருக்கணும் பாருங்க. ரெண்டு பக்கம் போதும்."

"யார் எடுத்ததுன்னும் எழுதணுமா?"

"அதான் சொல்லிட்டேனே!"

பெரிய பெரிய துப்பறியும் நிறுவனங்களை விட்டுவிட்டு மூக்குக் கண்ணாடிக்காரியை ஏன் கூப்பிட்டார் என்பது பாலிசிக்கு அப்போதுதான் விளங்கியது. அவருக்கு வேண்டியது துப்பு இல்லை, தாள். அவனுக்கு லேசாக ரோஷம் வந்தது.

"பொருள் எப்படி இருக்கும் சார்?" என்றாள் அண்ணி.

"படத்துல இருக்கே, அப்படித்தான். கண்ணாடி மாதிரி, சுத்தமா."

"நீங்க கையில எடுத்துப் பார்த்திருக்கீங்களா?"

"எத்தனையோ தடவை!" என்ற இயக்குநர், விசாரணைக்கான அனுமதிக் கடிதத்தில் ஒற்றைக் கையாலேயே கையெழுத்துப் போட்டார். தாள் நழுவியபோதும் இடது கை பையை விடவில்லை.

வெளியே வந்ததும் பாலிசி சொன்னான்: "பெத்த பிள்ளையைக்கூட யாரும் இப்படி மடியில வெச்சுக்க மாட்டாங்க அண்ணி." அண்ணி காவலாளியைத் தேடி நடந்துகொண்டிருந்தாள்.

காவலாளி சாவிப் பலகைக்குக் கீழே, பெரிய பதிவேட்டுக்குப் பின்னால் நின்றார். அவர்களைக் கண்டதும் தானாகவே ஆரம்பித்துவிட்டார்.

"என் மேல தப்பே இல்லைம்மா. கண்ணுக்குத் தெரியாத பொருள்னு பேப்பர்லயே போட்டுட்டாங்க. தெரியாத பொருளை எடுத்துட்டுப் போறவனை நான் எப்படி நிறுத்த? அன்னிலேருந்து வெளியே போறவங்க முன்னாடி காத்துல கையை வீசிப் பார்த்துட்டுதான் விடறேன்."

"ஏதாவது தட்டுப்பட்டுச்சா?" என்றான் பாலிசி.

"ரெண்டு பேரோட தொப்பை தட்டுப்பட்டுச்சு."

அண்ணி பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். யார் எந்த அறைச் சாவியை எப்போது வாங்கினார்கள், எப்போது திருப்பிக் கொடுத்தார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் நோட்டு அது. நேற்று மதியம் ஒன்று ஐம்பத்தைந்துக்கு ஆறாம் வருஷம் சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அதற்கு அடுத்த வரி வெறுமையாக இருந்தது. அதற்கும் கீழே, 'ஐந்து பதினைந்து, சீல் வைக்கப்பட்டது.'

"இந்த வரி ஏன் காலியா இருக்கு?"

காவலாளி சாவிப் பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். "விட்டுப்போச்சும்மா."

அண்ணி பின்னால் புரட்டினாள். போன மாதம் ஒரு வரி. அதற்கு முந்தைய மாதம் இரண்டு. "இங்கேயும் விட்டுப்போச்சு. இங்கேயும்."

"பேனா சரியில்லைம்மா. சில நேரம் மை வராது."

"ஒரு வரி முழுக்கவா?"

அந்த மனிதருடைய கை துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தது. பயந்தவர்களை மேலும் பயமுறுத்துவது அண்ணிக்குப் பிடிக்காது. நோட்டை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

சீல் வைத்த அறைக்கு எதிர்ப் படிக்கட்டில், மடிக்கணினியைக் கட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்கு முன்னாலேயே காதோரம் நரைத்திருந்தது. இவள்தான் ஆறாம் வருஷம் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உள்ளேயே விட மாட்டேங்கறாங்க மேடம். நாலு மணிக்கு எனக்கு வாய்மொழித் தேர்வு. பொருளைக் கருவியில வெச்சு ஓட்டிக் காட்டினாத்தான் பட்டம். ஏழாம் வருஷம்னு ஒண்ணு இங்க விதியிலயே கிடையாது." அழுதுவிடாமல் இருக்க வேகமாகப் பேசினாள். "என் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகி அவ பிள்ளை ஸ்கூலுக்கே போறான். போன வாரம் கேக்கறான், பெரியம்மா, நீ எந்த கிளாஸ்ல ஃபெயிலாகிட்டே இருக்கேன்னு. நான் இன்னைக்குத் திருடிங்கற பட்டத்தோட அந்த வீட்டுக்குப் போகணுமா?"

பாலிசிக்கு ஜோக் ஒன்று வந்தது, விழுங்கிவிட்டான்.

அண்ணி அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தாள். "எனக்கு லென்ஸ் தெரியும்மா. உன் பொருள் என்ன பண்ணும், சொல்லு."

"தண்ணியில ஸ்பூனைப் போட்டா உடைஞ்ச மாதிரி தெரியும்ல? கண்ணாடி, தண்ணி, வைரம் எல்லாம் கதிரைக் கூடக் குறைய வளைக்கும், ஆனா ஒரே பக்கம்தான். என்னோடது எதிர்ப்பக்கம் வளைக்கும். ஒளிவிலகல் எண் மைனஸ்ல போகும். இயற்கையில அப்படி ஒரு பொருள் இல்லை, நாமதான் டிசைன் பண்ணணும். சர்க்யூட் அட்டையில வாய் திறந்த குட்டிக் குட்டிச் செப்பு வளையம், பின்னாடி கம்பி. வளையம் அலையோட காந்தப் பகுதியைக் கவனிச்சுக்கும், கம்பி மின் பகுதியைக் கவனிச்சுக்கும். ரெண்டும் ஒரே அலையில ஒண்ணாத் திரும்பணும்."

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே படம் பார்க்க ஒத்துக்கற மாதிரி," என்றான் பாலிசி.

"அதேதான் சார். வளையத்தோட வாய் ஒரு முடி அகலம் கூடினாலும் போச்சு. பத்து டிசைன் தோத்துது. பதினோராவதுதான் வளைச்சுது."

"பொருள் சாதாச் செப்புதான். எல்லாம் வடிவத்துல இருக்கு," என்றாள் அண்ணி, தொழில் தெரிந்தவள் தொழில் தெரிந்தவளிடம் பேசுகிற குரலில். "ஆளை மறைக்குமா?"

"ஐயோ! அது கண்ணுக்குத் தெரியற ஒளிக்கே இல்லை மேடம், மைக்ரோவேவுக்கு. மறைக்கும்னு நான் எங்கேயும் எழுதலை. பேப்பர்காரங்ககிட்ட யாரோ சொல்லிட்டாங்க."

"பார்க்க எப்படி இருக்கும்?"

"அழகா இருக்காது. பச்சை அட்டையைக் கீற்றுக் கீற்றா வெட்டிக் குறுக்கும் நெடுக்குமா சொருகி, ஆப்பு மாதிரி பண்ணியிருப்பேன். தூரத்துலேருந்து பார்த்தா முட்டை அடுக்குற அட்டைன்னு நினைப்பீங்க."

பாலிசி வாயைத் திறந்தான். அண்ணி அவன் செருப்பின் மேல் தன் செருப்பை வைத்து அழுத்தினாள். வாயை மூடிக்கொண்டான்.

"இதைப் பாருங்க." ஆறாம் வருஷம் மடிக்கணினியைத் திருப்பினாள். "உள்ளே எது அளந்தாலும் எனக்குத் தானா நகல் வந்துடும். நேத்து மூணு பத்துக்கு யாரோ ஒரு தடவை அளந்திருக்காங்க. வலப்பக்கம் முப்பது டிகிரி. அது என் பொருளோட எண்ணே இல்லை. என்னோடது இடப்பக்கம் முப்பத்தொன்பது காட்டும். வலப்பக்கம் முப்பதுங்கறது சாதா அக்ரிலிக் பிரிசம், வெறும் பிளாஸ்டிக் கட்டி. ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காக ஒண்ணு வெச்சிருப்போம். என்னோடதைத் திருட வந்தவன், எதுக்கு நின்னு நிதானமா அக்ரிலிக்கை அளந்து பார்த்தான்?"

"அளவெடுத்துட்டுப் போயிருக்கான்னா தையல்காரனா இருக்கும்," என்றான் பாலிசி.

"அந்த நேரத்துல நீ எங்கேம்மா இருந்தே?" என்றாள் அண்ணி.

"ரெண்டு மணியிலேருந்து அஞ்சு வரைக்கும் இயக்குநர் ரூம் முன்வாசல்ல. ஆய்வேட்டுல அவர் கையெழுத்து வேணும். உள்ளே முக்கியமான மீட்டிங்னாங்க. கடைசியில நாளைக்கு வான்னுட்டாங்க. நான் அங்க உட்கார்ந்திருந்தேன்னு அவரோட செயலர் சொன்னாத்தான் உண்டு. சொல்ல மாட்டாங்க."

அண்ணி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். தாழ்வாரத்தின் கோடி வரை நடந்தாள். பிறகு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையை நீட்டிப் பிடித்து, இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"கடையில நம்பர் தெரியாத லென்ஸ் வந்தா இப்படித்தான் பண்ணுவேன் பாலிசி. பின்னாடி தெரியற சுவர், லென்ஸ் போற பக்கமே ஓடினா மைனஸ். எதிர்த்து ஓடினா பிளஸ். லென்ஸைக் கேள்வி கேக்க வேண்டியதே இல்லை. ஆட்டினாப் போதும்."

"யாரை ஆட்டப் போறோம்?"

"எல்லாரையும் ஒரே ரூம்ல வெச்சு."

அவள் நேரே இயக்குநரிடம் போய், அறிக்கை தயார் என்றாள். தேர்வாளரின் முன்னிலையில் சீலை உடைத்து, காலி இடத்தை அவரே கண்ணால் பார்த்தால் அறிக்கைக்கு இன்னும் பலம் என்றாள். இயக்குநருக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஐந்தரை மணிக்கு நிருபர்களுக்கும் சொல்லியிருப்பதாகவும், 'உலக அதிசயம் களவு போனது' என்று தலைப்புக்கூட யோசித்து வைத்திருப்பதாகவும் சொன்னார்.

நாலு மணிக்குத் தேர்வாளர் வந்தார். குள்ளமான, அதிகம் பேசாத அம்மாள். கையில் ஒரே ஒரு பேனா. காவலாளி சீலைக் கிழித்துக் கதவைத் திறந்தார். சுவரெல்லாம் கறுப்பு நுரையில் முள் முள்ளாக, அலையை விழுங்குகிற மெத்தை. நடுவில் வட்ட மேஜை. ஒரு பக்கம் கதிரை அனுப்பும் குழல், மறு பக்கம் சுழலும் கையில் அதைப் பிடிக்கும் கருவி. மேஜை காலி.

"பாருங்கம்மா! இங்கதான் இருந்தது!" என்று இயக்குநர் பையை மார்போடு அணைத்தபடி துக்கப்பட்டார்.

"என் பொருள் மேல யாரு காபி வெச்சது!"

கத்தியது ஆறாம் வருஷம். ஓரத்து அலமாரியில், முட்டை அட்டை மாதிரி ஒரு பச்சை ஆப்பு. அதன் தலையில் ஒரு கோப்பை. இயக்குநர் மேஜையில் பார்த்த அதே மாதிரி தங்க விளிம்புக் கோப்பை. அவள் ஓடிப் போய்க் கோப்பையைத் தள்ளி வைத்து, ஆப்பைத் தூக்கி, ஒவ்வொரு கீற்றாக ஊதி, முந்தானையால் துடைத்தாள். அழுகையும் சிரிப்புமாக அவள் முகம் கோணிப்போயிற்று.

"இதுவா?" என்றார் இயக்குநர். "இந்த அட்டையா?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவருக்கே உறைத்தது. சட்டென்று குரலை உயர்த்தி, "கிடைச்சுடுச்சு! என் பொருள் கிடைச்சுடுச்சு!" என்றார். கொஞ்சம் தாமதமான சந்தோஷம்.

தேர்வாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஓட்டிக் காட்டும்மா."

ஆறாம் வருஷம் ஆப்பை வைத்தாள். கருவியின் கை மெல்லச் சுழன்றது. வலப்பக்கம் முழுக்க ஒன்றுமில்லை. நடுவைத் தாண்டி இடப்பக்கம் போனது. திரையில் கோடு கிடுகிடுவென்று ஏறி, முப்பத்தொன்பதில் நின்றது. பாலிசிக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அந்தப் பெண் ஆறு வருடமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டது புரிந்தது. கைதட்டிவிட்டான்.

"நல்லது," என்றார் தேர்வாளர். "இப்போ சாதா பிரிசத்தை வை. அது வலப்பக்கம் போறதை நான் பார்க்கணும். இல்லாட்டா உன் மேஜையே தலைகீழாக் கோடு போட்டதுன்னு யாராவது சொல்லலாமே."

ஆறாம் வருஷம் அலமாரியைப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "அக்ரிலிக்கைக் காணோம்."

"எனக்கு ஆறரைக்கு ரயில். ஒப்பீடு இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்து வர ஒரு வருஷம் ஆகும்."

அண்ணி கறுப்பு நுரைச் சுவரைப் பார்த்தபடி ஆரம்பித்தாள்.

"இந்த ரூம்லேருந்து போனது அது ஒண்ணுதான். நேத்து மூணு மணிக்கு ஒருத்தர் வந்திருக்கார். இன்னைக்கு எல்லார் முன்னாடியும் மானம் போயிடக் கூடாதேன்னு தனியா ஒத்திகை பார்க்க. ஆனா அவர் அந்தப் பொருளைப் படத்துல மட்டும்தான் பார்த்தவர். படம் எடுத்த ஆளுக்குப் பச்சை அட்டை பிடிக்கலை. பக்கத்துல பளபளன்னு இருந்ததை எடுத்து அவர் கையில கொடுத்துட்டான். நேத்து வந்தவர் அதையே எடுத்து வெச்சார். இடைஞ்சலா இருந்த அட்டையை அலமாரிக்குத் தள்ளி, காபியை அதும்மேல வெச்சார். கதிர் வலப்பக்கம் போச்சு. ஆறு வருஷமாப் பேசினதெல்லாம் பொய்யின்னு நினைச்சு ஆடிப்போயிட்டார்."

"அதுக்கு எதுக்குத் திருடணும்?" என்றார் தேர்வாளர்.

"திருட்டுப் போன பொருளை யாரும் ஓட்டிக் காட்டச் சொல்ல மாட்டாங்களே அம்மா. பழி போட ஒரு பொண்ணு வாசல்லயே உட்கார்ந்திருந்தா."

"யாரு அது?"

"அறிக்கையில பேர் எழுதலை." அண்ணி இரண்டு தாள்களை மேஜையில் வைத்தாள். "அக்ரிலிக் இப்பவே இந்த மேஜைக்கு வந்துட்டா எழுத வேண்டியும் இருக்காது. வரலைன்னா உலக அதிசயம் இன்னொரு வருஷம் காத்திருக்கட்டும். நிருபர்கள் அஞ்சரைக்கு வந்து என்னைத்தான் கேப்பாங்க."

பாலிசி இயக்குநரையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், மனிதர் இரண்டு பக்கமும் இழுபட்டார். கொடுத்தால் திருடன், கொடுக்காவிட்டால் அதிசயம் இல்லை. பையின் பூட்டு 'டிக்' என்றது. இயக்குநர் உள்ளே கைவிட்டு, தண்ணீரை வெட்டி வைத்ததுபோல் பளபளத்த அந்தக் கட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"பாதுகாப்புக்காக வெச்சிருந்தேன்," என்றார்.

"எதுகிட்டேருந்து?" என்றான் பாலிசி.

கருவியின் கை சுழன்றது. வலப்பக்கம், முப்பது டிகிரி. தேர்வாளர் தன் ஒரே பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். பிறகு ஆய்வேட்டின் அந்தத் தாளை இயக்குநர் பக்கம் நகர்த்தினார். அங்கேதான் அவருடைய கையெழுத்துக்கான இடம் மூன்று மாதமாகக் காலியாக இருந்தது.

"புகாரை வாபஸ் வாங்கறதா முதல்ல ஒரு வரி எழுதுங்க சார்," என்றாள் ஆறாம் வருஷம். நின்ற இடத்திலிருந்து அவள் அசையவில்லை. "அதுல என் பேரை எழுதணும். தெரியாதுன்னா நான் சொல்றேன்."

அவள் சொன்னாள். இயக்குநர் நின்றபடியே எழுதினார். ஆய்வேட்டிலும் கையெழுத்துப் போட்டார். மொத்தமும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நேற்று இதற்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துக்கொண்டாள்.

இயக்குநர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார். வாசலில் காவலாளி நின்றிருந்தார். கையில் பெரிய பதிவேடு, நேற்றைய பக்கம் திறந்திருந்தது.

"பெரியவங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு ஒரு வரி விட்டுடுவேன் சார். என்னைக்காவது கையெழுத்துப் போடுவீங்கன்னு," என்றார் காவலாளி. அவருடைய விரல் காலி வரியில் இருந்தது. இன்னொரு கையில் பேனாவை நீட்டினார். "மை நல்லா வருது சார்."